வீட்டில் விளைஞ்ச உருளைக்கிழங்கை அடுத்த வருஷம் விதைக்கலாமா? சென்னை வெயிலும் ஊட்டிப் புழுவும் சொல்லும் பதில்

பிப்ரவரி பிறந்தால் சென்னையில் மாடித் தோட்டம் போட்டவர்கள் குரோ பேக்கைக் கவிழ்த்து உருளைக்கிழங்கு எடுக்கும் நேரம். ஒரு பைக்கு அரை கிலோ கிடைத்தாலே வீட்டில் கொண்டாட்டம்தான். பெரிய கிழங்கெல்லாம் பொரியலுக்குப் போய்விடும். கோலிக்குண்டு அளவில் கொஞ்சம் பொடிக் கிழங்கு மிஞ்சும். அதைப் பார்த்ததும் எல்லோருக்கும் வரும் யோசனை ஒன்றுதான்: "இதை அப்படியே எடுத்து வச்சு அடுத்த வருஷம் நட்டா என்ன?"

நடலாம். ஆனால் மிஞ்சிய பொடிக் கிழங்கை விதைக்கு வைப்பதுதான் இருப்பதிலேயே மோசமான தேர்வு. இன்னொன்று, சென்னையில் விதைக்கிழங்குக்குப் பெரிய எதிரி பூச்சி இல்லை, நம்ம ஊர் ஏப்ரல், மே மாதங்கள்தான். இரண்டுக்கும் காரணம் என்ன? ஊட்டியிலிருந்து விதைக்கிழங்கு வெளியே வரக் கூடாது என்று ஏன் தடை இருக்கிறது? விரிவாகப் பார்க்கலாம்.

விதைன்னு சொல்றோம், ஆனா அது விதையே இல்லை

உருளைக்கிழங்கு வேரும் இல்லை, விதையும் இல்லை. மண்ணுக்குள் பருத்த தண்டு அது. மேலே சின்னச் சின்னக் குழியாகத் தெரியும் 'கண்' ஒவ்வொன்றும் ஒரு மொட்டு. கிழங்கை நட்டால் புதுச் செடி பிறப்பதில்லை. போன வருஷத்துச் செடியே உடம்பை நீட்டிக்கொண்டு இந்த வருஷமும் வளர்கிறது. கரும்புக் கரணை, மல்லிகைப் பதியன் போல.

அதனால் ஒரு லாபம் உண்டு. தாய்ச்செடியின் ருசி, நிறம், அளவு அப்படியே வரும். நஷ்டமும் அங்கேதான். தாய்ச்செடிக்கு என்ன நோய் இருந்ததோ அதுவும் கிழங்கோடு சேர்ந்து வரும். கத்தரி, வெண்டை மாதிரி விதையில் முளைக்கும் பயிர்களில் பெரும்பாலான வைரஸ்கள் விதைக்குள் போவதில்லை. ஒவ்வொரு தலைமுறையும் கிட்டத்தட்டப் புதுக்கணக்கு. உருளைக்கிழங்கில் அந்தக் கணக்கு முடிவதே இல்லை.

முக்கியமான வைரஸ்களைப் பரப்புவது அசுவினிப் பூச்சி. இலையின் அடியில் கூட்டமாக உட்கார்ந்து சாறு உறிஞ்சும் அதே சின்னப் பூச்சிதான். வளர்ந்த செடியில் தாமதமாக வைரஸ் ஏறினால் அந்த வருஷம் பெரிதாக எதுவும் தெரியாது. கிழங்கும் பார்க்க நன்றாகவே இருக்கும். அதை நட்டால் அடுத்த வருஷம்தான் வண்டவாளம் வெளியே வரும்: இலை மேல்நோக்கிச் சுருளும், பச்சையும் மஞ்சளுமாகத் திட்டு விழும், செடி குட்டையாக நின்றுவிடும். மூன்றாவது வருஷம் இன்னும் மோசம். "முதல் வருஷம் நல்லா வந்துச்சு, அப்புறம் என்னமோ மண்ணு சரியில்லை" என்று பலர் மண்ணைத் திட்டுவார்கள். பல நேரங்களில் குற்றவாளி மண் அல்ல, கிழங்கு.

பொடிக் கிழங்கு ஏன் ஆபத்து என்பது இப்போது புரியும். நல்ல செடியிலும் ஒன்றிரண்டு சின்னக் கிழங்கு இருக்கும். ஆனால் வைரஸ் பிடித்த செடியில் எல்லாமே சின்னதாகத்தான் இருக்கும். ஆக, எல்லாப் பையிலிருந்தும் மிஞ்சிய பொடிகளைக் கூட்டி வைத்தால், அதில் நோயாளிச் செடியின் வாரிசுகள்தான் அதிகம். பெரியதைச் சமைத்துவிட்டுச் சின்னதை விதைக்கு வைப்பது, தெரியாமலேயே ஒவ்வொரு வருஷமும் நோயைத் தேர்ந்தெடுத்து வளர்ப்பதற்குச் சமம்.

உருளைக்கு உண்மையான விதையும் உண்டு. பூ காய்த்தால் சின்னப் பச்சைத் தக்காளி மாதிரி ஒரு காய் வரும். அது விஷம், சாப்பிடக் கூடாது. உள்ளே நூற்றுக்கணக்கில் விதைகள் இருக்கும். ஆனால் அதில் முளைக்கும் ஒவ்வொரு செடியும் ஒவ்வொரு மாதிரி வரும் என்பதால், புது ரகம் உருவாக்கும் விஞ்ஞானிகளுக்குத்தான் அது பெரும்பாலும் பயன்படுகிறது.

பட்டினப்பாக்கத்தில் என்ன சிக்கல்?

கிழக்கே வங்கக் கடல், தெற்கே அடையாறு முகத்துவாரம். பட்டினப்பாக்கம், ஃபோர்ஷோர் எஸ்டேட் பக்கம் மொட்டை மாடியில் செடி வைப்பவர்களுக்கு உப்புக் காற்றோடுதான் குடித்தனம். உருளைச் செடிக்கு உப்பு அவ்வளவாக ஒத்துக்காது. கடல் பார்த்த பக்கம் நின்றால் இலை ஓரம் கருகும். மாடித் தண்ணீர்த் தொட்டியின் மறைவு, கைப்பிடிச் சுவர் நிழல் எல்லாம் இங்கே காசு போட்டு வாங்க முடியாத வசதி.

அதைவிடப் பெரிய விஷயம் ராத்திரி வெப்பம். செடி இலை விடுவது வேறு, மண்ணுக்குள் கிழங்கு கட்டுவது வேறு. பெரும்பாலான ரகங்களுக்குக் கிழங்கு கட்ட இரவு வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இருந்தால் நல்லது. சென்னையில் ஜனவரி ராத்திரியே சராசரியாக 21 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும், கடலோரத்தில் இன்னும் கொஞ்சம் கூட. வெப்பத்தைக் கொஞ்சம் தாங்கும் 'குஃப்ரி சூர்யா' போன்ற ரகங்கள்கூட ராத்திரி 20 டிகிரி வாக்கில் இருக்கும் இடங்களை மனதில் வைத்து உருவாக்கப்பட்டவைதான். அதாவது நாம் விளிம்பில் நின்று விளையாடுகிறோம். கடல் மட்டத்தில் இருக்கும் யாழ்ப்பாணத்தில் தமிழ் விவசாயிகள் மழைக்காலம் ஒட்டிய குளிர்ந்த மாதங்களில் உருளை பயிரிடத்தான் செய்கிறார்கள். அதனால் நம் ஊரில் முடியவே முடியாது என்றில்லை. வடகிழக்குப் பருவமழையின் வேகம் குறைந்ததும், நவம்பர் கடைசி அல்லது டிசம்பர் முதலில் நட்டு, 80, 90 நாளில் எடுத்துவிட வேண்டும்.

இங்கேதான் காலண்டர் உதைக்கிறது. பிப்ரவரி கடைசியில் எடுத்த கிழங்கை மறுபடி நட வேண்டியது நவம்பர் கடைசியில். நடுவில் ஒன்பது மாதம். அறுவடை செய்த கிழங்கு இயல்பாகவே கொஞ்ச காலம் 'தூங்கும்', முளைக்காது. ரகத்தைப் பொறுத்து அது இரண்டு, மூன்று மாதம்தான். சூடு அதிகமானால் தூக்கம் இன்னும் குறையும். சமையலறை மூலையில் கூடையில் வைத்த கிழங்கு மே மாதமே முளை விட்டு, ஜூலையில் கிழவி முகம் மாதிரி சுருங்கி, செப்டம்பரில் குப்பைக்குப் போகும். நடுவில் கத்திரி வெயில் வேறு. அந்தச் சூட்டில் ஒரு கிழங்கு அழுகினால் பக்கத்தில் இருப்பதையும் அழுக வைக்கும்.

பெரிய விவசாயிகள் என்ன செய்கிறார்கள்? ஆக்ராவிலும் ஜலந்தரிலும் பிப்ரவரி, மார்ச்சில் மூட்டை மூட்டையாகக் கிழங்கைக் குளிர்பதனக் கிடங்கில் ஏற்றுவார்கள். 2 முதல் 4 டிகிரி. அக்டோபரில் இறக்கி நடுவார்கள். சென்னை வீட்டில் அந்தக் கிடங்குக்கு நிகரானது ஒன்றே ஒன்றுதான்: ஃபிரிட்ஜின் கீழே இருக்கும் காய்கறி டிராயர்.

சரி, எடுத்து வைப்பது எப்படி?

வேலை அறுவடை அன்று தொடங்குவதில்லை, ஜனவரியிலேயே தொடங்க வேண்டும். செடி நன்றாக நிற்கும்போது ஒரு சுற்று போய்ப் பாருங்கள். உயரமாக, கரும்பச்சையாக, இலை சுருளாமல், திட்டு இல்லாமல் இருக்கும் செடிக்கு மட்டும் ஒரு நூலைக் கட்டி அடையாளம் வைக்க வேண்டும். விதை அந்தப் பைகளிலிருந்து மட்டும்தான். செடி காய்ந்த பிறகு எது நல்லது, எது நோயாளி என்று கிழங்கைப் பார்த்துச் சொல்ல முடியாது. தரமான விதை கிடைக்காத ஆப்பிரிக்க நாடுகளில் சிறு விவசாயிகளுக்குச் சொல்லித்தரப்படுவதும் இந்த எளிய முறைதான்: கிழங்கைத் தேர்ந்தெடுக்காதே, செடியைத் தேர்ந்தெடு.

தண்ணீர் விட்டும் பச்சையாகவே திடீரென்று தலை சாயும் செடி இருந்தால் ஒரு சின்னச் சோதனை செய்யலாம். தண்டை அடியில் வெட்டி, ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் வெட்டுவாய் மூழ்கும்படி தொங்க விடுங்கள். சில நிமிஷத்தில் வெட்டிய இடத்திலிருந்து பால் மாதிரி வெள்ளை இழை இறங்கினால் அது பாக்டீரியா வாடல் நோய். அந்தப் பையிலிருந்து ஒரு கிழங்கைக்கூட விதைக்கு எடுக்கக் கூடாது. அந்த மண்ணில் தக்காளி, கத்தரி, மிளகாயும் வேண்டாம், எல்லாம் ஒரே குடும்பம், ஒரே நோய். இருக்கிற நாலு பை மண்ணையே மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் மாடித் தோட்டத்துக்கு இது சின்ன விஷயம் இல்லை.

எடுக்கும் முன் ஒரு வாரம், பத்து நாள் தண்ணீரை நிறுத்தினால் தோல் இறுகும். தோண்டியதைக் கழுவக் கூடாது. நிழலில், காற்றோட்டத்தில் ஒரு வாரத்துக்கு மேல் பரப்பி வைத்தால் சின்னக் கீறல்கள் தானாக ஆறும். கோழிமுட்டை அளவு, அதாவது 40, 50 கிராம் உள்ள கிழங்குகள் போதும். வெட்டுப்பட்டது, ஓட்டை விழுந்தது, ஒரு பக்கம் மென்மையானது எல்லாம் அன்றைக்கே சமையலுக்கோ குப்பைக்கோ போகட்டும்.

பிறகு காகிதப் பையிலோ துணிப் பையிலோ போட்டு, ஃபிரிட்ஜின் காய்கறி டிராயரில் வைக்கலாம். ஃப்ரீசரில் வைத்தால் செத்துவிடும். ஆப்பிள், பழுத்த வாழை பக்கத்தில் வேண்டாம், பழம் விடும் எத்திலீன் வாயு கிழங்கின் தூக்கத்தைக் கெடுக்கும். மாதம் ஒரு முறை கையால் தடவிப் பார்த்து, ஈரமாக இருப்பதைத் தூக்கிப் போட வேண்டும். ஃபிரிட்ஜில் வைத்த உருளை இனிப்பாகிவிடும் என்பார்கள். உண்மைதான், குளிரில் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். சிப்ஸ் போட்டால் கறுக்கும். விதைக்கு அது ஒரு பிரச்சினையே இல்லை.

நவம்பர் தொடக்கத்தில் வெளியே எடுத்து, நேர் வெயில் படாத வெளிச்சத்தில் இரண்டு, மூன்று வாரம் வைத்தால் குட்டையான, தடித்த முளை வரும். தோல் பச்சையாகும். பச்சையான கிழங்கில் சோலனைன் என்ற நச்சு கூடும் என்பதால் சாப்பிடக் கூடாது. நடுவதற்குத் தாராளமாக நடலாம். முளை தலைமயிர் மாதிரி மெலிசாக நீண்டால் அந்தக் கிழங்கை நடாதீர்கள், நோய் அல்லது முதுமையின் அடையாளம் அது. வட இந்தியாவில் பெரிய கிழங்கை வெட்டி நடுவது வழக்கம். நம் ஊர் ஈரமும் சூடும் உள்ள மண்ணில் வெட்டிய துண்டு அழுகும் வாய்ப்பு அதிகம், முழுக்கிழங்காக நடுவதே பாதுகாப்பு.

ஃபிரிட்ஜில் இடமே இல்லை என்றால்? சிரமப்பட வேண்டாம். அந்தக் கிழங்கைச் சாப்பிட்டுவிட்டு, நவம்பரில் புதிதாக விதைக்கிழங்கு வாங்குவதே லாபம். கடையில் சமையலுக்கு விற்கும் கிழங்கையும் சிலர் நடுகிறார்கள். முளை வராமலிருக்கச் சில கிடங்குகளில் சிஐபிசி என்ற மருந்து அடிப்பார்கள், அது பட்ட கிழங்கு மாதக்கணக்கில் வைத்தாலும் முளைக்காமல் ஏமாற்றலாம். தவிர, அது எந்த ரகம், என்ன நோய் என்று யாருக்கும் தெரியாது.

"ஊட்டிக்குப் போனப்போ வாங்கிட்டு வந்தேன்" – இது ஏன் கூடாது?

நல்ல விதைக்கிழங்கு வேண்டுமென்றால் மலைக்குப் போ என்பது பழைய அறிவுரை. நீலகிரியில் உருளை 19-ஆம் நூற்றாண்டிலேயே வேரூன்றிவிட்டது. மேட்டுப்பாளையம் மண்டியில் ஊட்டி உருளைக்கு இன்றும் தனி மவுசு. ஆனால் நீலகிரிக் கிழங்கை விதைக்காக வெளியே கொண்டுபோகத் தடை உண்டு.

கதை 1961-ல் தொடங்குகிறது. பிரிட்டிஷ் நூற்புழு நிபுணர் எஃப்.ஜி.டபிள்யூ. ஜோன்ஸ் ஊட்டி வயல் ஒன்றில் உருளை வேர்களில் கடுகைவிடச் சின்ன உருண்டைகளைப் பார்த்தார். அதுதான் உருளைக்கிழங்கு முட்டைக்கூடு நூற்புழு, இந்தியாவில் முதன்முறையாக. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையில் பிறந்த புழு. ஐரோப்பாவிலிருந்து வந்த விதைக்கிழங்கோடு ஒட்டிவந்திருக்கும் என்பது பொதுவான கருத்து. பெண் புழு செத்ததும் அதன் உடம்பே கெட்டியான கூடாகிவிடும். உள்ளே நூற்றுக்கணக்கான முட்டைகள். பக்கத்தில் உருளைச் செடியின் வேர் கசிவு வரும்வரை அந்த முட்டைகள் மண்ணில் 20 வருஷத்துக்கு மேல்கூடக் காத்திருக்கும். மருந்து அடித்து மொத்தமாக ஒழிக்க முடியாது.

அது பரவ ஒரு நல்ல வண்டி வேண்டும். கிழங்கில் ஒட்டியிருக்கும் ஒரு சிட்டிகை மண் போதும். எனவே 1971-லேயே உள்நாட்டுத் தனிமைப்படுத்தல் வந்தது, நீலகிரி விதைக்கிழங்கு வெளியே போவது நின்றது. அத்தோடு பிரச்சினை அடங்கவில்லை. 2018-ல் இமாச்சலப் பிரதேசம், உத்தராகண்ட், ஜம்மு காஷ்மீர் மலைகளிலும் அதே புழு உறுதியானது. சிம்லா பக்கம் குஃப்ரியில் இருக்கும் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சிக் கழகத்தின் சொந்தப் பண்ணையே தப்பவில்லை. அந்த மாநிலங்களிலிருந்தும் விதைக்கிழங்கு நகர மத்திய வேளாண் அமைச்சகம் தடை போட்டது. நாட்டின் பிரபல ரகங்களுக்கெல்லாம் 'குஃப்ரி ஜோதி', 'குஃப்ரி சூர்யா' என்று முன்பெயர் கொடுத்த ஊர் அது.

இந்தப் புழுவுக்குக் குளிர்ந்த மண்தான் பிடிக்கும். பட்டினப்பாக்கம் மாடிச் சூட்டில் அது செழிக்கப் போவதில்லை என்பது உண்மை. ஆனால் கிழங்கு மாடியோடு நிற்காது. மீந்ததைச் செங்கல்பட்டில் இருக்கும் சொந்தக்காரருக்குக் கொடுப்போம், அவர் ஓசூரில் ஒருத்தருக்குக் கொடுப்பார். ஊட்டி உருளையைச் சமைக்க வாங்கி வருவதில் தப்பே இல்லை, நட வேண்டாம்.

ஊட்டி முத்தோரையில் இருக்கும் உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் இந்தப் புழுவை எதிர்த்தே பல பத்தாண்டுகள் வேலை செய்து வருகிறது. குஃப்ரி ஸ்வர்ணா, குஃப்ரி நீலிமா, குஃப்ரி சஹ்யாத்ரி எல்லாம் புழுவைத் தாங்கும் ரகங்கள். நெல், கோதுமைக்காக உலகம் அறிந்த எம்.எஸ். சுவாமிநாதன் இளைஞராக 1949-50-ல் நெதர்லாந்தின் வாகனிங்கனில் ஆய்வு செய்ததும் இதே உருளையைத்தான், இதே நூற்புழுவைத் தாங்கும் தன்மையைத்தான். அவர் தொடங்கிய ஆய்வு நிறுவனம் தரமணியில் இருக்கிறது. பட்டினப்பாக்கத்திலிருந்து அதிக தூரமில்லை.

அப்போ விதை எங்கேயிருந்து வருது?

ஒரு காலத்தில் சமவெளி முழுக்க மலை விதையை நம்பித்தான் இருந்தது. 1949-ல் பாட்னாவில் தொடங்கி 1956-ல் சிம்லாவுக்கு மாறிய மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சிக் கழகம் அதைத் தலைகீழாக்கியது. வடக்குச் சமவெளியில் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை அசுவினி நடமாட்டம் மிகக் குறைவு. அந்த இடைவெளியில் விதைப் பயிரை வளர்த்து, ஜனவரியில் அசுவினி பெருகும் முன்பே செடியின் தலையை வெட்டிவிடுவார்கள். இலை இல்லை என்றால் வைரஸ் கிழங்குக்கு இறங்க வழியில்லை. பிறகு குளிர்பதனக் கிடங்கு. இன்றைக்கு இந்திய விதைக்கிழங்கின் முதுகெலும்பு இந்த ஏற்பாடுதான். மாடியில் பின்பற்றவும் இதில் ஒரு பாடம் உண்டு: இலை மஞ்சளாகும்வரை காத்திருக்காமல், அசுவினி கண்ணில் பட ஆரம்பித்ததும் விதைக்குக் குறித்த செடியின் தண்டை வெட்டிவிட்டு, இரண்டு வாரம் கழித்துக் கிழங்கை எடுக்கலாம்.

வீட்டுக்காரருக்கு இது பொழுதுபோக்கு. விவசாயிக்கு வாழ்வா சாவா கணக்கு. ஏக்கருக்கு ஒரு டன் அளவில் விதைக்கிழங்கு தேவை, சாகுபடிச் செலவில் பாதியை ஒட்டி அதற்கே போய்விடும். கர்நாடகாவின் ஹாசன் விவசாயிகள் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் தாண்டி ஜலந்தரிலிருந்து விதை வாங்குகிறார்கள். சொந்தக் கிழங்கை எடுத்து வைக்க அவர்களுக்கு ஆசை இல்லாமல் இல்லை.

எடுத்து வைக்க உரிமை இருக்கா?

இருக்கிறது. 2001-ஆம் ஆண்டின் தாவர ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டத்தின் 39-வது பிரிவு, பதிவு செய்யப்பட்ட ரகமாக இருந்தாலும் விளைந்ததிலிருந்து விதை எடுத்து வைக்கவும், மறுபடி நடவும், பகிரவும், விற்கவும் விவசாயிக்கு உரிமை தருகிறது. பிராண்டு பெயர் போட்டு விதையாக விற்கத்தான் கூடாது.

இது நீதிமன்றம் வரை போனது. 2019 ஏப்ரலில், சிப்ஸுக்கான தனது எஃப்எல் 2027 ரகத்தைப் பயிரிட்டதாக குஜராத்தின் சபர்கந்தா பகுதி விவசாயிகள் நாலு பேர் மீது ஆளுக்கு ஒரு கோடி ரூபாய்க்கு மேல் கேட்டு பெப்சிகோ வழக்குப் போட்டது. நாடு முழுக்க எதிர்ப்பு கிளம்ப, மே மாதமே வழக்கைத் திரும்பப் பெற்றது. விவசாயிகள் உரிமைச் செயற்பாட்டாளர் கவிதா குருகந்தியின் மனுவில், 2021 டிசம்பரில் அந்த ரகத்தின் பதிவே ரத்தானது. 2023 ஜூலையில் டெல்லி உயர் நீதிமன்றத் தனி நீதிபதி அதை உறுதி செய்தார். 2024 ஜனவரியில் இரு நீதிபதிகள் அமர்வு அந்த உத்தரவுகளை ரத்து செய்து பெப்சிகோவுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. கவனிக்க வேண்டியது, அந்தத் தீர்ப்பு பதிவு செல்லுமா என்பது பற்றியது. 39-வது பிரிவு அப்படியே இருக்கிறது.

ஃபிரிட்ஜ் தேவையில்லாத கிழங்கு

வருஷா வருஷம் சொந்த விதையில்தான் கிழங்கு போட வேண்டும் என்று ஆசைப்படும் சென்னைவாசிக்கு உருளையைவிடச் சேனைக்கிழங்கு சுலபம். ஜனவரி, பிப்ரவரியில் தோண்டியதில் ஒரு பகுதியை நிழலில், காற்றுப்படும் இடத்தில் சும்மா வைத்தால் போதும். கோடை முழுக்கத் தூங்கிவிட்டு, ஏப்ரல், மே வாக்கில் தானே மூக்கை நீட்டும். அதுதான் அதை நடும் பருவமும். பெரிய கிழங்கை, ஒவ்வொரு துண்டிலும் நடு மொட்டின் ஒரு பகுதி இருக்கும்படி வெட்டி, வெட்டுவாயில் சாணிக் கரைசலோ சாம்பலோ பூசி நடலாம். ஒரு துண்டுக்கு ஒரு பெரிய பை அல்லது உடைந்த பக்கெட் வேண்டும், எட்டு ஒன்பது மாதம் பொறுமை வேண்டும். சர்க்கரைவள்ளிக்கு அதுகூட வேண்டாம், ஒரு முழக் கொடியை வெட்டி ஊன்றினால் ஆச்சு.